நாற்பத்தோராவது படி

இஸ்மாயில் எழுதிய திட்டத்தில் நூற்று நாற்பத்தேழு படிகள் இருந்தன. கைதட்டல் கிடைத்தது நாற்பத்தோராவது படிக்கு மட்டும்தான்.

கொல்கத்தா செக்டர் ஃபைவில் ஓர் அலுவலகம். அங்கே அவன் ஒரு மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டான். ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டால், அந்த இன்னொருவர் இப்போது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறார், அழைப்பை எந்த வழியாக அனுப்புவது என்று சொல்வதற்கு ஒரு மென்பொருள் உண்டு. குரல் அதன் வழியாகப் போவதில்லை. குரலுக்கு வழி சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அது படுத்துவிட்டால் மேற்கு வங்காளம் முழுக்க கையில் போன் இருந்தும் இல்லாத மாதிரிதான். மூன்று வருஷத்துக்கு முன் அதைக் கிளவுடுக்கு மாற்றினார்கள். இப்போது புதிய பதிப்புக்குப் போக வேண்டும். டிசம்பரோடு பழைய பதிப்புக்கு ஆதரவு நின்றுவிடும்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. ஒன்றரைக் கோடி இணைப்புகளின் விவரத்தை நகர்த்த ஐந்து மணி பத்து நிமிஷம் ஆகும். நெட்வொர்க்கைத் தொட அனுமதி கிடைப்பதோ இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை. இஸ்மாயில்தான் வழி கண்டுபிடித்தான். ஆறு மாதமாக ஓர் அழைப்பு, ஓர் எஸ்எம்எஸ், துளி டேட்டாகூட இல்லாத இணைப்புகள் முப்பத்தெட்டு லட்சம் கிடந்தன. அவற்றை முதலில் நீக்கிவிட்டால் மிச்சம் நாலு மணி நேரத்துக்குள் நகர்ந்துவிடும். அதுதான் நாற்பத்தோராவது படி.

"இவ்வளவு நாளா இது யாருக்கும் தோணல பாருங்க" என்று மேனேஜர் ஜெய்ராம் எல்லார் முன்னாலும் சொன்னார். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை என்று தேதி குறித்தார்கள். துர்கா பூஜை நெருங்கினால் நெட்வொர்க்கில் கை வைக்க விடமாட்டார்கள், அதற்குள் முடிந்துவிடும். இஸ்மாயிலுக்கு இன்னொரு நிம்மதியும் இருந்தது. ஊரில், மேலப்பாளையத்தில், மனைவி ஃபௌசியாவுக்கு நவம்பர் முதல் வாரம் பிரசவம். அக்டோபர் இருபத்தைந்திலிருந்து ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்திருந்தான்.

தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, சோதனைப் பிரதியில் ஒத்திகை ஓட்டினார்கள். ஓட்டியவள் அவன் டீமில் இருந்த மஹிமா. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்ததால் கிதிர்பூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்; தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். எல்லாம் பச்சை என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். இஸ்மாயில் சும்மா, நீக்கப்படும் பட்டியலிலிருந்து ஒரு எண்ணைத் திறந்தான். கடைசியாக நெட்வொர்க்கில் பதிவான நேரம் 11.14. அதற்கு முந்தையது 10.14. அதற்கு முந்தையது 9.14.

ஆறு மாதமாக யாரும் பேசாத ஓர் எண் மணிக்கு ஒருதரம் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கடந்த ஒரு நாளுக்குள் பதிவானவை எத்தனை என்று தேடினான். அறுபத்தோராயிரம். அவற்றில் மூவாயிரத்து நூற்றுப்பன்னிரண்டு ஒரே வாடிக்கையாளருடையவை. பெஹாலாவில் இருக்கும் லிஃப்ட் பராமரிப்பு கம்பெனி ஒன்று.

மஹிமா திரும்பி வந்ததும் திரையைக் காட்டினான். அவள் உட்காராமலே கொஞ்ச நேரம் பார்த்தாள். "லிஃப்டுக்கு எதுக்கு சிம்?"

"அதான் எனக்கும் தெரியல. சனிக்கிழமை வர்றீங்களா? எனக்கு பாங்லா வராது."

பெஹாலா சௌராஸ்தாவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நடத்துகிறவர் சுதபா. மஹிமா எடுத்த எடுப்பிலேயே அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டாள். ஐம்பது வயசு இருக்கும். மண்குவளையில் டீ கொடுத்துவிட்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை மேஜைமேல் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல மஹிமா தமிழில் சொன்னாள்.

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ளே மொபைல் எடுக்காதாம். அதனால ஆன்டெனாவை மொட்டை மாடியில வெச்சு இதைப் பொருத்துறாங்க. மணி பட்டனை அழுத்தினா நேரா இங்க வந்து அடிக்கும். அடிக்காம இருக்கிற வரைக்கும் நல்லதுன்னு சொல்றாங்க. சில கட்டடத்துல மூணு வருஷமா அடிச்சதே இல்லையாம்."

"மணிக்கு ஒருதரம் பதிவாகுதே, எல்லாத்துலயும் அப்படித்தானா?"

இஸ்மாயில் கேட்டதை மஹிமா வங்காளத்தில் சொன்னாள். சுதபா தலையை ஆட்டிவிட்டு அலமாரியிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தார். இது புது மாடல்.

"இது தூங்குமாம்" என்றாள் மஹிமா மெதுவாக. "பேட்டரி மிச்சம் பண்ண. பட்டனை அழுத்தினாதான் முழிச்சு நெட்வொர்க்குக்கு வரும். ரெண்டு வருஷமா இதைத்தான் அதிகம் மாட்டுறாங்க."

இஸ்மாயில் டீயைக் கீழே வைத்தான். அறுபத்தோராயிரத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று இரண்டு நாளாகத் தன்னைத் தேற்றி வைத்திருந்தான். தூங்குகிற கருவியும் தொலைந்துபோன சிம்மும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். இது ஒரு கம்பெனி. இன்னும் எத்தனை பேர் என்னென்ன பெட்டிகளுக்குள் அந்த சிம்களைப் போட்டு வைத்திருக்கிறார்களோ.

தெருவுக்கு வந்ததும் ஜெய்ராமுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான்.

"சரி, பதிவாகுறதை விட்டுடுவோம். மிச்சத்தை நீக்குவோம். அவ்வளவுதானே?"

"தூங்குறதை எப்படி ஜெய்ராம் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாததுக்கு நாம பொறுப்பில்ல இஸ்மாயில். பட்டியல் மொபைல் கம்பெனிக்காரங்க குடுத்தது, கையெழுத்து அவங்க போட்டது. எதையும் நீக்கலைன்னா ரெண்டு ராத்திரியாப் பிரிக்கணும். அதுக்கான டிசைனே வேற. பூஜைக்கு முன்னாடி சத்தியமா முடியாது. காளி பூஜையும் முடிஞ்சு நவம்பர்தான். நீங்க எழுதின பிளான், நீங்கதான் இருந்தாகணும். உங்க வீட்டுல எப்ப டேட்?"

இஸ்மாயில் சொன்னான். ஜெய்ராம் திங்கட்கிழமை மீட்டிங்கில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஃபௌசியா கூப்பிட்டாள். கால் வீங்கியிருப்பதாகவும், உம்மா நடக்கச் சொல்லி உயிரை எடுப்பதாகவும் சொல்லிவிட்டு, "மச்சான், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்டியளா?" என்றாள்.

லீவு தள்ளிப்போகலாம் என்று மட்டும் சொன்னான். அவள், "நீங்க தள்ளிப்போடுதியளா, அவங்க தள்ளிப்போடுதாங்களா?" என்று கேட்டாள்.

"வேலையில ஒரு தப்பு இருக்கு, நான்தான் சொல்லணும். சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்லா" என்றாள். கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. உம்மா கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் அறையிலேயே கிடந்தான். ஒரு தரம் லேப்டாப்பைத் திறந்து திட்டத்தைப் படிப்பான், மூடுவான். அழுத்தினாலும் எங்கேயும் மணி அடிக்காத ஒரு லிஃப்ட் பட்டனை யாரோ திரும்பத் திரும்ப அழுத்துவது மாதிரி மனசில் வந்துகொண்டே இருந்தது. சாப்பிட வாங்கி வந்த முட்டை ரோல் அப்படியே ஆறிப்போனது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மீட்டிங். மொபைல் நிறுவனத்தின் பக்கம் தலைமை மீரா என்பவர். வளவளவென்று பேசாதவர். ஜெய்ராம் தேதி, நேரம், ஆட்கள் என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். "வேறு யாருக்காவது ஏதாவது?" என்றார் மீரா.

இஸ்மாயில் மைக்கைத் திறந்தான். லிஃப்டிலிருந்து ஆரம்பித்தான், நடுவில் எண்கள் குழம்பி ஒரு தரம் திரும்பச் சொன்னான்.

"இந்தப் படி யாருடைய யோசனை?" என்று மீரா கேட்டார்.

ஜெய்ராமின் மைக் மூடியே இருந்தது.

"என்னுடையது" என்றான் இஸ்மாயில். "யாரும் பேசவில்லை என்றால் யாரும் இல்லை என்று நினைத்துவிட்டேன்."

மீரா கொஞ்ச நேரம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "நாங்களும் இதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம்" என்றார். "ஒன்றையும் நீக்க வேண்டாம். இரண்டு இரவுகளுக்குத் திட்டம் எழுதி அனுப்புங்கள்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஜெய்ராம் அவனிடம் மெயிலில் மட்டுமே பேசினார்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, டாக்டர் சொன்னதற்கு முன்னாலேயே, ஃபௌசியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இஸ்மாயிலுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. போய்ப் பார்த்தான். குழந்தையைத் தூக்க பயமாக இருந்தது. கிளம்பும்போது ஃபௌசியா அழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்த முதுகுதான் கண்முன் நின்றது.

நவம்பர் இரண்டாம் வாரம், வியாழனும் வெள்ளியும், இரண்டு இரவுகளில் மாற்றம் முடிந்தது. பெரிதாக எதுவும் கெடவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை இஸ்மாயில் வீட்டுக்குப் போகாமல், சுதபாவின் எண்களைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மணிக்கொருதரம் பதிவாக வேண்டியவற்றில் இருபத்திரண்டு வரவில்லை. மஹிமா போனில் பட்டியலைச் சொல்ல, சுதபா மெக்கானிக்குகளை அனுப்பினார். தூங்குகிற மாடல்களையும் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிடச் சொல்வதாகச் சொன்னார்.

பத்தொன்பது கருவிகள் ஒருதரம் அணைத்துப் போட்டதும் வந்துவிட்டன. இரண்டில் பேட்டரி கசிந்து வீணாகியிருந்தது, மாற்றியதும் சரியாயின. கடைசி ஒன்றுக்குக் கொடுத்திருந்த விலாசம் பெஹாலாவில்தான். அங்கே போன மெக்கானிக் தகரம் அடைத்த காலி மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

"இதை நீக்கிடலாமா?" என்று கேட்டாள் மஹிமா. கண்ணெல்லாம் சிவந்து அவளும் அங்கேயேதான் இருந்தாள்.

இஸ்மாயில் அந்த எண்ணைத் திறந்தான். கடைசிப் பதிவு வெள்ளி இரவு 12.20. மாற்றம் தொடங்குவதற்கு நாற்பது நிமிஷம் முன்பு வரை அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. கோபுரம் பெஹாலாவில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாந்த்ராகாச்சி.

"தீதிகிட்ட கேளுங்க. அந்தப் பக்கம் அவங்க லிஃப்ட் ஏதாவது இருக்கான்னு."

சுதபா அரைமணி கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டார். இடித்த கட்டடத்தின் கருவியை அவருடைய ஆள் ஒருவன் கழற்றி, சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்கு அருகே ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறான். ரெஜிஸ்டரில் எழுதவில்லை. திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

"இன்னிக்கே அனுப்பச் சொல்லுங்க மஹிமா. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க."

அவள் சொன்னாள். கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, அவனுக்குப் புரியவில்லை. பிறகு அவள், "இன்னிக்கே ஆள் போறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

மெக்கானிக் போய்க் கருவியை அணைத்துப் போட்டதும், இரவு ஏழு இருபதுக்கு அந்த எண் பதிவானது. இஸ்மாயில் நாற்காலியில் சாய்ந்தான். அடுத்தது எட்டு இருபதுக்கு வர வேண்டும். அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.