வெயில் ஊரில் ஹீட்டர்

வேன் கொதிக்காமல் இருக்க ஹீட்டரை மறுபடி மாட்ட வேண்டும் என்று மலர்க்கொடி சொன்னபோது அவள் அண்ணன் ராசாங்கம் சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு அவனிடம் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தான்.

"பி.எஸ்ஸி. படிச்சா இப்புடியெல்லாம் பேசத் தோணுமா மலரு? பூலாம்பாடி வெயில்ல ஹீட்டரு! வெளிய சொல்லிப்புடாத."

நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் ஓடி ஓய்ந்த வேன் அது. அங்கத்துக் குளிருக்காக டாஷ்போர்டுக்கு அடியில், முன்சீட்டுக்காரர் கால்மாட்டில், ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் குட்டி ரேடியேட்டர் ஒன்று. எஞ்சினில் சூடான தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக அதற்குள் போய்த் திரும்பும். பின்னாலுள்ள சின்ன ஃபேன் அந்தச் சூட்டை வேனுக்குள் ஊதும். ராசாங்கம் வாங்கிய கொஞ்ச நாளில் அது ஓட்டையாகி, சவாரி வந்தவர்கள் காலில் துருத்தண்ணீர் சொட்டியது. பெரம்பலூர் மெக்கானிக் அதைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, குழாய் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். "ஊட்டிக்காரனுக்கு வச்சதுப்பா. நமக்கு எதுக்கு?" சரிதானே என்றார்கள் எல்லோரும். வெயிலில் பிறந்து வெயிலில் வேகிறவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அன்றிலிருந்துதான் வேன் கொதித்தது. ஆளேற்றிக்கொண்டு பெரம்பலூர் போகிற வழியில் மேடு ஏறினால் உச்சிக்குப் போவதற்குள் புகை. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு, இடம் பார்த்ததுபோல் இளையபெருமாளின் கிணற்றுக்கு நேராக நின்றது.

ராசாங்கம் முன்பு அவரிடம்தான் டிராக்டர் ஓட்டினான். அவன் அப்பா அவர் அப்பாவிடம் பண்ணையாள். சொந்த வண்டி வாங்கிவிட்டேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன், இப்போது தகர டின்னோடு அவர் கிணற்றடியில் நின்றான்.

"வாளியத் தொடாத. டின்னக் கீழ வையி, நான் ஊத்தறேன்" என்பார். எட்ட நின்று தூக்கி ஊற்றுவார். "டிராக்டர் சாவி ஆணியிலதான் தொங்குது. எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கடா."

அவர் குரலில் கோபமே இருக்காது. அதுதான் மலர்க்கொடிக்குப் பற்றி எரிந்தது.

வரும் வெள்ளிக்கிழமை நடராசன் வாத்தியார் குடும்பத்தைச் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போக ராசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தான். "அதுலயும் நின்னுச்சுன்னா நான் டிராக்டருக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டான்.

ராசாங்கத்தின் மனைவி இருசம்மாள் மட்டும் மலர்க்கொடியின் பக்கம் திரும்பினாள். "எப்புடின்னு சொல்லு. பரீட்சைக்கு எழுதற மாதிரி சொல்லாத, எனக்குச் சொல்லு."

"அது ஒழுகுன காலத்துல வண்டி கொதிச்சிச்சா அண்ணி?"

"இல்ல. காலுதான் வெந்துச்சு."

"அந்தச் சூடு எஞ்சினோடதுதான். பெரிய ரேடியேட்டரு பாதி அடைச்சுக் கெடக்கு, எத்தன கழுவுனாலும் போவல. மிச்சச் சூட்ட இந்தக் குட்டிதான் வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அத அத்துவுட்டுட்டோம்."

இருசம்மாள் வேனைப் பார்த்தாள். "அப்ப ஏறுறவங்க காலு வெந்தா எஞ்சினு பொழைக்கும்."

"ஆமா."

"பொழைக்கட்டும்" என்று எழுந்தாள்.

அவ்வளவுதான். கோழிக்கூண்டு வாசலை அடைத்துக் கிடந்த பழைய ஹீட்டரை எடுத்து, எச்சம் போகத் தேய்த்துப் பையில் போட்டாள். திருச்சியைத் தாண்டி அறியாதவள், வழிநெடுக விசாரித்து பஸ் மாறி மாறி நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்து, அதே அளவில் வேறொன்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். கல்லூரிக்கு முதல் நாள் போக, துணைக்கு ஆள் தேடி அழுதவள் மலர்க்கொடி. அண்ணி சொன்னதை வாய் பிளந்து கேட்டாள்.

"பழைய சாமான் கடைக்காரன் இல்லைன்னுட்டான். நான் அவன் வாசல்லயே உக்காந்து சோத்து மூட்டையப் பிரிச்சேன். அப்பறம் இருக்குன்னான்."

அதில் மடங்கிக் கிடந்த மெல்லிய தகடுகளைக் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். அண்டாத் தண்ணீரில் முக்கி, ஒரு வாயை விரலால் அடைத்து மறு வாயில் மலர்க்கொடி ஊதினாள். குமிழி வரவில்லை. அடுத்து டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். இருசம்மாள் முறத்தில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, டாஷ்போர்டை அதில் கோடாக வரைந்து, கழற்றிய திருகாணிகளை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தாள். புத்தகத்தில் இந்த மாதிரி ஒரு வேலையை மலர்க்கொடி பார்த்ததில்லை.

பிறகு அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மல்லாக்கப் படுத்து உள்ளே தலையை விட்டாள். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெருவில் போன பாவாடை மாமா நின்றார்.

"என்ன இருசு, வேனுக்குப் பிரசவமா?"

"ஆமா மாமா, தலை திரும்பியிருக்கு. போயி வெந்நி வையுங்க!"

வெந்நீர் உண்மையிலேயே தேவைப்பட்டது. ரப்பர் குழாய்கள் விறைத்துப்போய்ப் பெட்டியின் வாயில் ஏறவில்லை. மலர்க்கொடி எஞ்சின் பக்கம் நின்று முனைகளை வெந்நீரில் முக்கி இளக்கிப் பிடித்தாள். உள்ளிருந்து அண்ணி பெட்டியைத் தள்ளினாள். "இன்னும் தள்ளுங்க!" "கை ரெண்டுதாண்டி இருக்கு!" பார்த்துக்கொண்டே இருந்த ராசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை, வந்து குழாயை இறுக்கும் கிளிப்பை வாங்கி முடுக்கினான்.

வண்டியைக் கிளப்பினார்கள். பெட்டியிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது.

"பாத்தியா?" என்றான் ராசாங்கம். பானெட்டை மூடப் போனான்.

மலர்க்கொடி குழாய்களைத் தொட்டாள். ஒன்று சுட்டது, மற்றது சுடவில்லை. "இருண்ணே. உள்ள காத்து அடைச்சிருக்கு." மேல் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினாள். புஸ்ஸென்று சீறி, துப்பி, கொஞ்ச நேரத்தில் நூல்பிடித்தாற்போல் வெந்நீர் வந்தது. கை சுட்டாலும் விடாமல் முடுக்கினாள். முன்சீட்டில் இருந்த இருசம்மாள் கத்தினாள்:

"வேகுதுடி! வேகுதுடி மலரு!" வேர்த்துக் கொட்டக் கொட்ட அதன் எதிரிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை இருசம்மாளும் மலர்க்கொடியும் வேனில் ஏறிக்கொண்டார்கள். டின் நிறையத் தண்ணீரும் ஏறியது. ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் மேடு தொடங்கியதும் உள்ளே அடுப்பங்கரையாகிவிட்டது.

"என்ன இது, காலெல்லாம் அவியுது?" என்றார் வாத்தியார் மனைவி சிந்தாமணி.

"காளி கோயிலுக்குப் போறோம்ல டீச்சரம்மா, தீ மிதிச்ச புண்ணியமும் சேத்து வாங்கிக்கங்க" என்றாள் இருசம்மாள். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

மலர்க்கொடி யாரையும் பார்க்கவில்லை, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்தாள். சிவப்புக்குக் கீழே நடுங்கியது; ஏறவில்லை. உச்சியில் கிணறு தெரிந்தது. வண்டிச் சத்தம் கேட்டு இளையபெருமாள் வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு சாலையோரம் வந்திருந்தார். பழக்கத்தில் ராசாங்கத்தின் கால் பிரேக்குக்குப் போனது.

"எதுக்கு மிதிக்கிற?" என்றாள் இருசம்மாள். "ஏத்து."

ஏற்றினான். கிணறு வந்தது, போனது. தூக்கிய வாளியோடு அவர் பின்கண்ணாடியில் சின்னதாகிப் போனார். ராசாங்கம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஹீட்டர் சூட்டு வேர்வை என்றே தான் நினைத்ததாக அண்ணன் எண்ணிக்கொள்ளட்டும் என்று மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிறுவாச்சூரில் இறங்கியபோது டின் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. இருசம்மாள் அதைச் சாய்த்துப் பிடித்தாள். ஒவ்வொருவராக வந்து வெந்துபோன காலைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள்.