பத்தொன்பதும் இருபத்திரண்டும்

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள். வெர்லீன் சமையலறை மேஜையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உறையில் மருத்துவமனையின் பெயரைப் பார்த்ததும் இன்னொரு பரிசோதனைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டேன். அவள்தான் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"டிரைவரே, இங்க வா."

முப்பத்தோரு வருடம் சிகாகோவில் நகரப் பேருந்து ஓட்டியவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் என் மனைவிக்கு நான் டிரைவர்தான். கோபம் வந்தால் மட்டும் ஹொசேயா.

ஒன்றரைப் பக்கக் கடிதம். மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையில் வெர்லீனின் இடம் திருத்தப்பட்டிருக்கிறது. இத்தனை காலம் அவர்கள் வைத்திருந்த கணக்கு, கறுப்பர்களின் சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டியிருக்கிறது. அந்தக் கணக்கை இப்போது கைவிட்டுவிட்டார்கள். ஆகவே அவள் டயாலிசிஸ் தொடங்கிய 2019 ஆகஸ்டிலிருந்து அல்ல, 2016 நவம்பரிலிருந்தே காத்திருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் ஒன்பது மாதம் முன்னால் போகிறாள்.

"நல்ல சேதிதானே?" என்றேன்.

"நல்ல சேதிதான்." ஆனால் அவள் உட்காரவில்லை. நேராகப் படுக்கையறை அலமாரிக்குப் போனாள். மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறையில் இருபத்தாறு வருடம் கோப்பு அடுக்கியவள் அவள். எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் தொலைந்ததில்லை. ஐந்து நிமிடத்தில் 2016 நவம்பரின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு திரும்பி வந்து கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. அது இருபதுக்கு வந்துவிட்டாலோ அதற்குக் கீழே போனாலோ வரிசையில் பெயர் எழுதலாம். அந்தத் தாளில் அந்த எண் இரண்டு வரிகளில் இருந்தது. கறுப்பர் அல்லாதவர் என்றால் 19. கறுப்பர் என்றால் 22. ஒரே ரத்தம், ஒரே கை, ஒரே காலை. இரண்டாவது வரியைச் சுற்றி டாக்டர் நீல மையில் வட்டம் போட்டிருந்தார்.

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று பணி முடிந்து வந்தபோது வெர்லீன் எழுபத்தைந்தாம் தெரு பேக்கரியிலிருந்து ஒரு முழு கேரமல் கேக் வாங்கி வைத்திருந்தாள். "இருபத்திரண்டு இருக்காம்! இன்னும் தாங்குதாம்!" என்று வாசலிலேயே சொன்னாள். நான் மட்டும் மூன்று துண்டு தின்றேன்.

பேருந்து ஓட்டுகிறவன் ஊரை முகங்களால்தான் அறிவான். என் வண்டி தெற்கே எங்கள் பக்கத்தில் புறப்பட்டு, ஏரியோரமாகப் போய், வடக்கே வெள்ளைக்காரர்கள் வீதியில் முடியும். தெற்கே ஐம்பத்தைந்து வயதில் கைத்தடியோடு ஏறுவார்கள். படியைத் தாழ்த்திக் காத்திருப்பேன். வடக்கே எண்பது வயதுக் கிழவிகள் நாயைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டுவார்கள். ஒரே வண்டி, ஒரே சீட்டு, ஐம்பது நிமிடப் பயணம். நாம் தின்கிற தீனி அப்படி, நம் குடும்ப ரத்தம் அப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு தாளில் இரண்டு வரியாக அச்சடித்துப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் பிரான்ட்டைப் பார்க்கப் போனோம். ஒன்பது வருடமாக வெர்லீனைப் பார்க்கிறவர். நல்ல மனுஷி. என் அம்மா இறந்தபோது கையால் எழுதிய அட்டை அனுப்பினார். வாழ்த்துச் சொல்லத் தயாராக எழுந்து நின்றார். வெர்லீன் தாளை மேஜையில் விரித்தாள்.

"இந்த வட்டம் நீங்க போட்டதுதானே டாக்டர்?"

டாக்டர் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "ஆமா. நான்தான்."

"ஏன் ரெண்டாவது வரியச் சுத்திப் போட்டீங்க?"

"அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க, வெர்லீன். தசையிலருந்து ரத்தத்துல சேர்ற கழிவ வச்சுத்தான் இந்தக் கணக்கு; கறுப்பர்களுக்கு சராசரியா தசை அதிகம், அதனால எண்ணைக் கொஞ்சம் கூட்டணும்னு. எல்லா ஆஸ்பத்திரியிலும் அதான். நானும் கேள்வி கேக்கல."

வெர்லீன் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அறுபத்தொரு வயது, நாற்பத்தெட்டு கிலோ. ஊசி ஏறி ஏறி நரம்பு புடைத்த கையை மேஜைமேல் நீட்டினாள்.

"எந்தத் தசைன்னு காட்டுங்க டாக்டர். ஒம்பது வருசமா இந்தக் கையத்தானே பிடிச்சுப் பாக்குறீங்க?"

குரல் உயரவே இல்லை. பதிவறையில் யாராவது தவறான கோப்பைக் கேட்டு வந்தால் பேசுகிற அதே குரல். டாக்டரின் கழுத்தில் சிவப்பு ஏறியது. "மன்னிச்சிடுங்க" என்றார். தாளை மறுபடி பார்த்துவிட்டு, "அது பத்தாதுன்னு தெரியும்" என்றார்.

"பத்தாதுதான். ஆனா நீங்களாவது சொன்னீங்க." வெர்லீன் கையை இறக்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. எஸெலுக்கும் இதே கணக்குதானா?"

"இன்னொரு நோயாளி பத்தி நான் பேசக்கூடாது."

"சரி. பேச வேணாம்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

எஸெல் டயாலிசிஸ் நிலையத்தில் வெர்லீனுக்கு அடுத்த நாற்காலி. விமானத்தில் மாதிரி வரிசையாகப் பதினாறு சாய்நாற்காலிகள் உள்ள அறையில் பதினைந்தில் எங்கள் ஆட்கள்தான். வாரம் மூன்று காலை, நாலு மணி நேரம், பக்கத்தில் பக்கத்தில் இயந்திரம். "வெர்லீன் அக்கா, இந்த விமானம் எப்பத்தான் தரையிறங்கும்? பைலட்டக் கூப்பிடு" என்று எஸெல் கத்துவார். நர்ஸ்கள்கூடச் சிரிப்பார்கள். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் டயாலிசிஸ் இல்லாத அந்த நீண்ட இடைவெளியில், அவர் இதயம் நின்றுவிட்டது. வரிசையில் நாலு வருடம் காத்திருந்தவர். இன்னும் ஒன்று ஒன்றரை வருடத்தில் முறை வரும் என்று சொல்லியிருந்தார்களாம்.

காருக்குள் ஏறியதும் வெர்லீன், "கோரின் வீட்டுக்குப் போ" என்றாள். கோரின் எஸெலின் மனைவி.

"எதுக்கு?"

"சொல்லணும். அந்தக் கணக்கு இல்லாட்டி அவருக்கு முன்னாடியே முறை வந்திருக்கலாம்னு."

"உனக்குப் பைத்தியமா? செத்த மனுசன் திரும்பியா வரப்போறாரு? ஏழு மாசம் கழிச்சு இப்பத்தான் அந்தப் பொம்பள சர்ச்சுக்கு வர ஆரம்பிச்சிருக்கா. போய் அவ தலையில இதையும் தூக்கிப் போடணுமா?"

"ஹொசேயா." சீட் பெல்ட்டை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள். "போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என்னைப் பிடிச்சிட்டு என்ன சொன்னா தெரியுமா? கடைசி சனிக்கிழமை அவருக்குப் உப்புல ஊறின பன்னி எலும்பு போட்டுக் கீரை ஆக்கிப் போட்டாளாம். அவரு கெஞ்சினாராம். அந்த உப்புதான் கொன்னுடுச்சாம். பாஸ்டர் முன்னாடி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாளாம். ஒரு தட்டுக் கீரைக்கு."

நான் வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் எனக்குச் சரியென்றும் தோன்றவில்லை, தப்பென்றும் தோன்றவில்லை. கோரினிடமிருந்து ஒரு குற்ற உணர்வை வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் இதை வைப்பது எந்த வகையில் இரக்கம்? எரிச்சலும் இருந்தது. இன்று நாங்கள் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நாள். என் மனைவி பிழைக்கப்போகிறாள் என்று நான் எங்கேயாவது போய்க் கத்தியிருக்க வேண்டும்.

கோரின் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். வெர்லீன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்த கோரின், "சொல்லிட்டு வரக்கூடாதாடி, வீடு கெடக்கிற கெடப்பப் பாரு" என்றபடி நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளினாள். காப்பி போட்டாள். வெர்லீனுக்கு அளந்து அரைக் கோப்பைதான் ஊற்றினாள். டயாலிசிஸ்காரர்கள் எதையும் அளந்துதான் குடிக்க வேண்டும்; அந்த அளவெல்லாம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

வெர்லீன் சுற்றி வளைக்கவில்லை. கடிதத்தையும் பழைய தாளையும் வைத்து, இரண்டு வரிகளையும் விரலால் காட்டிச் சொன்னாள். கோரின் நீண்ட நேரம் குனிந்து பார்த்தாள்.

"எங்க எஸெல் இருந்திருந்தா அவருக்கும் இந்தக் கடுதாசி வந்திருக்குமா?"

"வந்திருக்கும்னுதான் நெனக்கிறேன்."

"எத்தன வருசம் குடுத்திருப்பாங்க?"

"தெரியாது கோரின். அவரோட பழைய பேப்பர் இருந்தா பாக்கலாம். நானே ஒக்காந்து பாத்துச் சொல்றேன்."

"அப்ப அந்தக் கீரை..."

"கீரை இல்லடி."

கோரின் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டதற்கா, வேண்டாம் என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. "உனக்கு சீக்கிரம் வந்திரும்ல?" என்று கேட்டாள். "வந்திரும்" என்றாள் வெர்லீன். "நல்லது. ரொம்ப நல்லது" என்று சொன்ன கோரின் எழுந்து, அடுப்பைத் தாண்டிப் போய், பின்கதவைத் திறந்து மரப்படிக்கட்டின் மேடையில் நின்றாள். கோட்டு போடவில்லை. இரண்டு கைகளும் கைப்பிடிக் கட்டையைப் பிடித்திருந்தன. மார்ச் மாதத்து ஏரிக்காற்று நேராகச் சமையலறைக்குள் வந்தது. நான் எழப்போனேன். வெர்லீன் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். கீழே சந்தில் யாரோ பனியில் புதைந்த காரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வாரி தரையில் உரசுகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கி, நின்றது. திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் காப்பி ஆறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.