ஆறு மணி வரை பஃபலோக்காரன்

கெடு மாலை ஆறு மணி. அதற்குள் எந்தப் பேஸ்பால் அணியும் தன் ஆட்டக்காரனை வேறு அணிக்குத் தள்ளிவிடலாம். ஆறு அடித்துவிட்டால் சீசன் முடியும்வரை அசைக்க முடியாது. கார்வின் ஸ்டாட்லர் இடப்பக்க எல்லையில் நின்றபடி, பந்தை விட்டுவிட்டு ஸ்கோர் போர்டின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து பத்து.

அமெரிக்காவின் வடக்கே இருக்கும் பஃபலோ நகர அணிக்காக அவன் ஆடும் பத்தாவது ஆண்டு இது. வெயில் அடிக்கிற ஊர்க்காரர்கள் இரண்டு முறை அள்ளிக் கொடுக்க வந்தும் போகவில்லை. நான்கு மாதம் வாசலில் பனியை வாரிக் கொட்டுகிற ஊரைக் கட்டிக்கொண்டு அழுகிறவனைப் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தான். பத்தாண்டு முடிந்தவனை அவன் சம்மதமில்லாமல் அனுப்ப முடியாது. இந்த சீசனோடு அவனுக்குப் பத்து முடிகிறது; அனுப்புவதென்றால் இன்றுதான். அதனால்தான் காலையிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கெடு நாளில் ஆட்டத்தின் நடுவில் ஒருவனை வெளியே கூப்பிட்டால் விற்றாயிற்று என்று அர்த்தம். மைதான ஓரத்தில் அணி உட்காரும் டக் அவுட்டில் எல்லோரும் வரிசையாகக் கட்டிப்பிடிப்பார்கள். ஊர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

ஆறாவது இன்னிங்ஸில் ஒரு பந்து அவன் தலைக்கு மேல் போனது. கடிகாரத்தில் இருந்த கண் திரும்ப ஒரு நொடி ஆயிற்று. பந்து சுவரில் மோதியது, எதிரணியில் இரண்டு பேர் ஓடி முடித்தார்கள். இன்னிங்ஸ் முடிந்து உள்ளே வந்தவனை மேனேஜர் ஹூப்பர் நிறுத்தினார்.

"கார்வின், நீ உக்காரு. போதும்."

ஐந்து முப்பத்தைந்து. முதலில் சக ஆட்டக்காரன் எலாடியோதான் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"போய்ட்டு வா பெருசு! எங்க போனாலும் என் பொண்டாட்டி சமைக்கிற பீன்ஸ் சோறு உனக்கு உண்டு. அங்கயாவது கொஞ்சம் வேகமா ஓடு."

சிரிக்கப் போன கார்வின் அழுதுவிட்டான். ஒவ்வொருவராகத் தழுவினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தொப்பியைத் தூக்கிக் காட்டினான். பிறகு ஹூப்பரிடம் போனான்.

"எந்த ஊருக்கு?"

"என்ன எந்த ஊருக்கு?"

"என்னை எங்க அனுப்புறீங்க?"

"எங்கயும் இல்லப்பா! காலை இழுத்துக்கிட்டு ஓடுற, பந்தை விட்டுட்ட. அதான் உக்காரச் சொன்னேன்."

கார்வினுக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்போ நான் இங்கதானா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்.

ஹூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பத்து வருஷம் பழகியாச்சு, உங்கிட்ட மறைக்க மாட்டேன். பதினோரு டீமுக்கு ஆபீஸ்ல போன் போட்டாங்க. சும்மா குடுத்தாலும் வேணாம்னுட்டாங்க."

கார்வின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். யாரும் பக்கத்தில் வரவில்லை. விடை கொடுத்தவனிடம் மறுபடி என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆறு அடித்தது. உடை மாற்றும் அறைக்குப் போய்ப் போனை எடுத்தான். பார்வையாளர் வரிசையிலிருந்து அவன் மனைவி டெனிஸ் அழுதுகொண்டே பேசினாள்.

"நீ தொப்பியத் தூக்கினதும் எனக்கு உசுரே போயிடுச்சு. இப்பத்தான் சொன்னாங்க, நீ போகலையாமே! உன்ன விடமாட்டாங்கன்னு நான் சொன்னேன்ல? யாராவது கேட்டாங்களா உன்ன?"

"கேட்டாங்க."

"எத்தனை பேரு?"

"பதினோரு டீம்" என்றான் கார்வின்.