பொதுவாப் போட்ட வரி

அசோக்குமாரிடம் எதற்கும் ஒரு வரி இருக்கும். தமிழ்ச்செல்விக்கு ஏழு வருஷமாக அதுதான் தலைவலி. சிம்மக்கல்லில் ஓடுகிற அவன் ஷேர் ஆட்டோவின் முதுகில் ஒரு வரி. பல் விளக்குமுன் போன் ஸ்டேட்டஸில் இன்னொரு வரி. எவனாவது சண்டைக்கு வந்தால் 'அமைதியா இருக்கிறவன் ஆழமானவன்' என்பான். மறுநாள் அதே ஆளைக் கண்டால் 'சீறாத பாம்பை மண்புழுன்னு நெனப்பான்' என்பான். கேட்டால், "வாழ்க்கைத் தத்துவம் புள்ள, ஒனக்குப் புரியாது" என்று சிரிப்பான். லைக் போட அறுபது பேர் இருந்தார்கள். அந்த அறுபது பேரில் ஒருத்தனும் அவனோடு குடித்தனம் நடத்தவில்லை.

இன்று மகள் இசைவாணிக்குக் காதுகுத்து. சமயநல்லூர் தாண்டி, குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், தமிழ்ச்செல்வியின் அண்ணன் நல்லகாமன், போன வருஷம் இவர்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வரவில்லை. அன்றைக்கு அவர் மனைவிக்கு ஆபரேஷன். அது தெரிந்தும் அசோக்குமார் முறுக்கிக்கொண்டான். இவனையும் கெஞ்சி, அண்ணன் வீட்டுக்கும் மூன்று நடை நடந்து, எப்படியோ ஒட்டவைத்திருந்தாள்.

மேளத்தோடு அண்ணன் வீட்டுச் சீர்த்தட்டு கோயில் வாசல் வளைவுவரை வந்தது. சட்டென்று மேளம் நின்றது.

தமிழ்ச்செல்வி மொட்டைத்தலைச் சந்தனம் காயாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். நல்லகாமன் தலை நிமிர்ந்து, வளைவில் அசோக்குமார் கட்டியிருந்த பிளக்ஸைப் பார்த்தபடி நின்றார். அதில் கூலிங்கிளாஸ் போட்ட அசோக்குமார், பக்கத்தில் இசைவாணி, அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'கூப்பிட்டும் வராத உறவுக்குக் கும்பிடு எதுக்கு?'



"வாரேன் தாயி. தட்ட எல்லாம் வண்டியில ஏத்துங்கடா" என்றார் நல்லகாமன். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தாலாவது அவள் தாங்கியிருப்பாள்.

அசோக்குமார் போனோடு வந்தான். "அது பொதுவாப் போட்டது மச்சான். யாரையும் சொல்லல."

"பொதுவாவா?" தமிழ்ச்செல்வி திரும்பினாள். "போன வருஷம் வராதது இந்தக் கூட்டத்துல யாரு? இம்புட்டு நாளா தத்துவம் தத்துவம்னியே, அதுல ஒரு வரியாவது ஒனக்கு வலிச்சிருக்கா? கொள்கைன்னா மொதல்ல நம்மளக் கட்டிப்போடணும். ஒன்னோடது அடுத்தவனைக் குத்த மட்டும்தான் வெளிய வருது."

"புள்ள, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஊரு பாக்கத்தானே பிளக்ஸு வச்ச? மன்னிச்சிருங்க மச்சான்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. நீ எழுதுற எல்லாத்தையும் விடச் சின்னது."

மேளக்காரர்கள்கூட அவன் வாயையே பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான். "மச்சான், உண்மையான உறவுங்கிறது..."

"வரி வேணாம்!" என்று கத்தினாள்.

அவளுக்கு அழுகை முட்டியது, அழவில்லை. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பிள்ளையை அண்ணன் கையில் திணித்தாள். வளைவுக் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். பிளக்ஸ் ஒரு பக்கம் சரிந்தது. மறுபக்கக் கயிற்றையும் அறுத்தாள்.

"ஏய், அதுல என் போட்டோ இருக்கு!"

அவள் காதில் வாங்கவில்லை. பிளக்ஸை உதறி, வளைவுக்கு வெளியே புளியமரத்தடியில் எழுத்து மேலே தெரியும்படி விரித்தாள்.

"அண்ணே, அவரு கூப்பிட்டு நீங்க உள்ள வர வேணாம். நான் கூப்பிடுறேன், இங்க உக்காருங்க. மருமக காது ஒங்க மடிக்குத்தான் காத்திருக்கு."

நல்லகாமன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த வரியின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார், மடியில் பிள்ளையோடு.

"ஆசாரி! ஊசிய எடுத்துக்கிட்டு வெளிய வாங்க!" என்று கோயிலுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள் தமிழ்ச்செல்வி.

நல்ல நேரம் முடிய எட்டு நிமிஷம் இருந்தது. முதல் காதுக்கு இசைவாணி வீறிட்டாள், "அப்பா! அப்பா!" என்று. அசோக்குமார் வளைவுக்கு உள்ளே பத்தடி தள்ளி நின்றான். இரண்டாவது காதும் குத்தி முடிந்தது. அந்த ரெண்டு வார்த்தையை அவன் சொல்லவே இல்லை.