வழிமொழிய ஒருவர்

எங்கள் குடியிருப்பில் என் முதுகுக்குப் பின்னால் என்னைச் ‘சபாநாயகி’ என்பார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. நகராட்சி மன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது, ஒரு தீர்மானம் முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது, முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் இல்லாமல் எதுவும் விவாதத்துக்கு வராது என்பதெல்லாம் எனக்கு ரத்தத்தில் ஊறியவை. குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கியபோது அங்கே நடந்துகொண்டிருந்தது கூட்டமில்லை, சந்தைக்கடை. தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பிக்கிற பேச்சு யார் வீட்டு நாய் குரைக்கிறது என்பதில் போய் நிற்கும். மேஜையைத் தட்டித் தட்டித்தான் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தேன்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. எனக்கென்று ஒரு யோசனை இருந்தால், நாற்காலியைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்து முன்மொழிவேன். கடைசி வரிசையில் சுவரோரமாக என் வீட்டுக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருப்பார். ஆனால் சரியான நேரத்துக்குக் கை மட்டும் மேலே போய்விடும். “வழிமொழியறேன்!” எதை வழிமொழிந்தார் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். வீட்டிலும் அதே கூத்துதான். “ஜன்னலைச் சாத்தட்டுமா?” என்பேன். படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளுக்குள்ளிருந்து, “வழிமொழியறேன்” என்று குரல் வரும்.

போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போதும் ஜன்னலருகே நின்று, சாத்தட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். பிள்ளைகள் இல்லை. தொலைபேசியில் அழைப்பவர்கள் கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பவர்கள்தான். மாதத்துக்கு ஒருமுறை கீழே ஹாலில் கூடும் கூட்டம் மட்டும் இல்லையென்றால், என் குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் வேட்டு வைத்தார் மருந்துக்கடைக்காரர்.

“மாசா மாசம் எல்லாரும் இறங்கி வந்து உக்காரணுமா? எல்லார் கையிலயும் போன் இருக்கு. குரூப்ல ஓட்டு போட்டா முடிஞ்சுது. இனிமே கூட்டமே வேண்டாம்னு முன்மொழியறேன். இந்த ஹால்ல வண்டியாவது நிறுத்தலாம்.”

அவர் முடிப்பதற்குள் அவர் மனைவி கையைத் தூக்கிவிட்டாள். “நான் வழிமொழியறேன்.”

விதிப்படி விவாதத்துக்கு விட்டேன். எதிர்த்துப் பேச ஒரு ஆள் இல்லை. துணைத் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்; அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

“ஒரு திருத்தம். கூட்டத்தை அடியோட நிறுத்த வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடலாம்னு முன்மொழியறேன்.”

“யாராவது வழிமொழியறீங்களா?” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

என் கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், அந்த நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் பழகியவர்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வழிமொழிய ஆளில்லாத திருத்தம் அங்கேயே விழுந்துவிடும், அதைப் பற்றி யாரும் பேசக்கூட முடியாது. அந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். மூலத் தீர்மானம் ஓட்டுக்கு வந்து நிறைவேறியது.

“சரி, அவ்வளவுதான், கெளம்பலாம்” என்று டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்துகொண்டார். கூட்டத்தை முடிக்கவும் ஒருவர் முன்மொழிய வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாதிப் பேர் லிப்டுக்குள் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றி கெட்ட ஜனங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலிகளை மடித்துச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. மொட்டைமாடி அறையில் தனியாகக் குடியிருக்கும் தையல்காரம்மா. எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள், கடைசியில் நாற்காலிகளை மடித்துவைத்துவிட்டுப் போவாள்.

“மனசு சங்கடமா போச்சுக்கா” என்றாள். “அண்ணன் இல்லாததால உங்க பேச்சு எடுபடாம போயிடுச்சு.”

“அவர் இல்லன்னா என்ன? நீங்க யாராவது கையைத் தூக்கியிருக்கலாமே!”

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். “நாங்களா? வீட்டு ஆளுங்கதானேக்கா வழிமொழியணும்?”

எனக்குப் புரியவில்லை.

“உங்களுக்கு அண்ணன். மருந்துக்கடைக்காரருக்கு அவர் சம்சாரம். அந்த ரெண்டாவது மாடி மாமாவுக்கு அவர் மருமகன். எப்பவும் அப்படித்தானே நடக்குது? வெளி ஆளு செய்யக் கூடாதுன்னுதான் நெனச்சோம். நீங்க கேட்டப்ப எனக்குக் கை துறுதுறுன்னு இருந்துச்சு. விதிய மீறினா உங்களுக்குப் பிடிக்காதேன்னு விட்டுட்டேன்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவரவர் வீட்டிலிருந்துதான் கை எழுந்திருக்கிறது. வழிமொழிய ஒருவர் வேண்டும் என்று மேஜையைத் தட்டிச் சொன்ன நான், யார் வேண்டுமானாலும் வழிமொழியலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் கேட்காமலே கையைத் தூக்க ஒரு ஆள் இருந்தாரே.

“அதனாலதான் நீங்க எதுவுமே முன்மொழிஞ்சதில்லையா?”

“எனக்கு யாருக்கா இருக்கா வழிமொழிய?” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது.

“சரி, என்ன கேக்கணும்னு இருந்தீங்க? இப்ப சொல்லுங்க.”

“இப்ப எதுக்குக்கா? கூட்டம்தான் முடிஞ்சுடுச்சே.”

“யாரு முடிச்சா? முடிக்கலாம்னு யாரும் முன்மொழியல. விதிப்படி இன்னும் நடந்துகிட்டுதான் இருக்கு.”

அவள் ஒரு நாற்காலியை விரித்து என் எதிரே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “லிப்ட் மொட்டைமாடி வரைக்கும் வராதுல்லக்கா, அந்தக் கடைசிப் படியில விளக்கு எரியறதில்ல. நான் வந்ததுலேர்ந்தே இருட்டுலதான் சுவரைத் தடவிக்கிட்டு ஏறுறேன். ஒரு பல்பு போடணும்னு முன்மொழியறேன்.”

போதிய ஆள் இல்லாமல் எடுக்கும் முடிவு செல்லாது. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் கையைத் தூக்கினேன். “வழிமொழியறேன்” என்றேன். அவர் போனபின் அந்த ஹாலில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கவும் என்றேன். இருவரும் தூக்கினோம். எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா என்று முறைப்படி கேட்டு, மடித்துச் சாய்த்த நாற்காலிகளை ஒருமுறை பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தேன்.

இனி கூட்டத்தை முடிக்க யாராவது ஒருவர் முன்மொழிய வேண்டும். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இருவருமே வாயைத் திறக்கவில்லை.