நேரில் பார்வையிட்டேன்

இன்னும் இருக்கும், உள்ளே தள்ளிப் போயிருக்கும், மூலைக்கு ஒன்றாக நான்கு கம்பி தெரிகிறதென்றால் நடுவில் இன்னும் நான்கு இருந்தே ஆக வேண்டும், வரைபடத்தில் எட்டு இருந்ததே, எட்டுப் புள்ளி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் டிக் போட்டது இந்தக் கைதானே... அவள் தூணைச் சுற்றிச் சுற்றிக் கொத்தினாள். சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை, உளியை வைத்து அழுத்தினாலே பொலபொலவென்று கொட்டியது, கையுறையைக் கழற்றிவிட்டுச் சுரண்டினாள், நகத்துக்கே வந்தது. நகத்துக்கு வருகிற கான்கிரீட். கம்பிகளைச் சுற்றிச் சாண் இடைவெளியில் வளையம் கட்டியிருக்க வேண்டும், இடுப்பிலிருந்து தலைவரை தேடியாகிவிட்டது, ஒன்றுகூட இல்லை. மேல் தளத்துக் கூரையை நேற்றுத்தான் இறக்கியிருந்தார்கள், வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது, கழுத்துக்குப் பின்னால் மட்டும் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது?

காலையில் மேஸ்திரி பழைய வரைபடத்தைத் தரையில் விரித்தபோதுதான் அவளுக்கு இந்தக் கட்டடம் எதுவென்றே தெரிந்தது. கட்டினவன் கடைசியாப் போட்டத நாம முதல்ல எடுக்கணும், அவ்வளவுதான் இந்த வேலை, என்று ஆறு வாரமாகச் சொல்வதையே இன்றும் சொன்னார், கதவு, ஜன்னல், ஓடு, கூரை, இன்று தூண். சிறையிலிருந்து வண்டியில் வந்த பன்னிரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள், அவள் மட்டும் ஓரத்தில் இருந்த கிறுக்கலைப் பார்த்தாள். நேரில் பார்வையிட்டேன், திருப்தி. கீழே அவள் கையெழுத்து, யாராலும் படிக்க முடியாத அவளுடைய கையெழுத்து. அப்போது என்ன தோன்றியது... மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சாலையை அகலப்படுத்தத்தான் இடிக்கிறார்கள், கட்டடத்தில் குறை என்று யாரும் சொல்லவில்லை, பதினோரு வருஷம் நின்றிருக்கிறதே. ஒரு மணி நேரம், அந்தப் பெருமை ஒரு மணி நேரம் இருந்தது.

"என்ன மேடம், தூணுக்கே மசாஜ் பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று செக் அக்கா வந்து நின்றாள். அடுத்தவர் காசோலையில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவள், அதனால் அந்தப் பெயர், இவள் கட்டட ஆய்வாளராக இருந்தவள் என்பதால் இவளுக்கு மேடம். மேஸ்திரியும் வந்து தூணைத் தொட்டுப் பார்த்தார், அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "பத்துல ரெண்டு இப்படித்தாம்மா இருக்கு. எவனோ ஒரு மகராசன் ஆபீஸ்ல ஃபேன் காத்துல உக்காந்து கையெழுத்துப் போட்டிருப்பான்." செக் அக்கா சிரித்தாள். "நான் போட்டது அடுத்தவன் கையெழுத்து, அதுக்கே மூணு வருஷம். சொந்தக் கையெழுத்துப் போட்டவன் ஜாலியா வெளியில சுத்துறான் பாருங்க." இவளும் சிரித்தாள், சிரித்தது காதில் கேட்டது, யாருடைய சிரிப்பு அது?

அவள்மேல் இருந்த வழக்கு ஒரு கிடங்கு பற்றியது. பார்க்காமலே பார்த்ததாக எழுதிய கிடங்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை விழுந்தது, உள்ளே ஈ காக்கை இல்லை. ஆளுக்குச் சேதமில்லாத குற்றம் என்று நீதிபதி சொன்னதை அவள் தலையணை மாதிரி வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள், அதனால்தான் சிறைக்கு வெளியே இந்த இடிப்பு வேலைப் பயிற்சிக்கே அனுப்பினார்கள். லஞ்சம்கூட இல்லை, நாலு மணிக்கு மகளை, பாப்பாவை, அப்போதுதான் சேர்த்திருந்த பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட வேண்டும், படி ஏறி இறங்க நேரம் இல்லை, மேஜையிலேயே முடித்துவிட்டாள். இந்தக் கட்டடமும் அப்படித்தான், அன்றைக்கு இரண்டு கோப்பு. ஒரே கட்டுமானக்காரன், ஒரே வரைபடம், இரண்டு கட்டடம், இது ஒன்று, இன்னொன்று...

இன்னொன்றில் தங்கை இருக்கிறாள். பாப்பா இருக்கிறாள், பதினைந்து வயதாகியும் பாப்பாதான். போன வருஷம் பார்க்க வந்தபோது, சிறைக்குப் பக்கமா ஒரு வீடு பாத்திருக்கோம்க்கா, வாரம் தவறாம வரலாம், கட்டடம் எப்படின்னுதான் தெரியல, என்று கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். இவள் என்ன சொன்னாள்? நான் கையெழுத்துப் போட்ட கட்டடம்தான்டி, தைரியமாப் போ. பொய் என்று தெரிந்து சொல்லவில்லை... நேரில் பார்வையிட்டேன் என்று எழுதி எழுதி, பார்த்ததாகவே நினைப்பு வந்துவிட்டிருந்தது, அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியதுபோலக்கூட ஞாபகம் இருந்தது.

"மேஸ்திரி, உங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்க." அவர் அவள் முகத்தைப் பார்த்தார், விதிமுறை ஒன்றும் பேசாமல் கொடுத்தார். நான்காவது மணியில் தங்கை எடுத்தாள்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வெளியில வா. இப்பவே."

"அவ தூங்குறாக்கா, இன்னைக்கு லீவு. என்ன ஆச்சு, நீ எங்கேருந்து பேசுற?"

"எழுப்பு. வீட்ட விட்டு ரோட்டுக்கு வா. அந்தக் கட்டடம் சரியில்ல."

தங்கை மூச்சு விடுவது கேட்டது, செருப்பைத் தேடுவது கேட்டது, பாப்பாவை உலுக்குவது கேட்டது. பிறகு, "நாங்க மட்டுமா, எல்லாரையும் இறங்கச் சொல்லணுமா?"

எல்லாரும் என்றால்... எத்தனை வீடு, மாடிக்கு நான்கு என்று வரைபடத்தில் இருந்தது, மூன்று மாடி, பன்னிரண்டு, இந்த நிமிஷம்வரை அவள் மனதில் அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு. எல்லாரும் இறங்கினால் கேள்வி வரும், கோப்பு வரும், கையெழுத்து வரும், விடுதலைக்கு நான்கு மாதம்...

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"எல்லாரையும். கதவு கதவாத் தட்டு."

"யார் சொன்னதுன்னு கேட்டா?"

"கையெழுத்துப் போட்டவ சொன்னான்னு சொல்லு."

செக் அக்கா திரும்பி இவளைப் பார்த்தாள். மேஸ்திரி கை நீட்டி ஃபோனை வாங்கினார், அந்த வீட்டு விலாசம் சொல்லும்மா என்றார், தீயணைப்புக்காரர்களுக்கு எண்ணை அழுத்தினார். அவள் தெளிவாகச் சொன்னாள், தெரு, எண், எத்தனை மாடி. சரியாகத்தான் செய்தாள், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தங்கை இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருந்ததே... அந்த இடைவெளியில் அவள் வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தாளா, மாதங்களையா?