சங்கு முந்திய சாயங்காலம்

கோயிலில் சாயரட்சை மணி அடித்தபோது கெங்கம்மா வாசலில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கவிழ்த்து, விளக்கேற்றி, உலையும் வைத்த பிறகுதான் கம்பெனிச் சங்கு ஏழு மணிக்கு ஊதியது. அரிசி களைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பிள்ளை மண்ணாங்கட்டி பிறந்த அன்று சங்கு அல்லவா முதலில் ஊதியது! அது ஊதி ஓய்ந்து, அவள் இன்னும் கொஞ்சம் கத்தி, பிள்ளை வெளியே விழுந்தபோதுதான் வடிவுடையம்மன் கோயிலில் மணி அடித்தது. ஜன்னலில் வெளிச்சம்கூட முழுசாய்ப் போகவில்லை.

உலகச் சண்டைக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்த காலம் அது. சண்டை முடிந்து, போன மாதம்தான் பழையபடி திருப்பினார்கள். சங்கு கடிகாரத்தைப் பார்த்து ஊதும். கோயில் மணி சூரியனைப் பார்த்து அடிக்கும். அவள் புருஷன் பக்தவச்சலம் காலடிப்பேட்டை ஜோசியரிடம் போய், "ஏழு மணிச் சங்கு ஊதி கால் மணி கழிச்சி பொறந்தான் சாமி" என்றுதான் சொன்னான். பஞ்சாங்கத்துக்குச் சண்டை தெரியுமா, சர்க்கார் தெரியுமா? கட்டம் ஒரு மணி தள்ளி விழுந்துவிட்டது.

அந்தக் கட்டத்தில்தான் சனியும் செவ்வாயும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. லக்னத்துக்கு ஒன்பதாம் இடம், அப்பனுக்கு உரிய இடம். "ரெண்டு பாவியும் ஒரே வூட்டுல கீறானுங்கோ. அப்பனுக்கு ஆவாது. புள்ளைய தவிட்டுக்கு வித்துடுங்கோ" என்றார் ஜோசியர் ஏகாம்பரம். ஊரில் நடக்கிற சடங்குதான். யாராவது ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்குவார்கள், மண்ணாங்கட்டி, குப்பை என்று ஒரு பெயர் வைப்பார்கள், பொழுது சாய்வதற்குள் பிள்ளை பெற்றவள் மடிக்கு வந்துவிடும். மாமியார் கோவிந்தம்மா அதற்கு ஒப்பவில்லை. "எம்புள்ள உசுரு உனக்கு வெளாட்டா கீதா?" என்று நிஜமாகவே விற்கவைத்தாள். வாங்கியவள் மீஞ்சூரில் பிள்ளையில்லாமல் இருந்த நாத்தனார் வரலட்சுமி. "இந்தா அண்ணி" என்று முறத்தை நீட்டியவள் முகத்தை நிமிர்த்தவே இல்லை. பக்தவச்சலம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான், பிள்ளை முகத்தைப் பார்க்கக் கூடாதாம். பால் வற்றட்டும் என்று, கட்டிய மாரில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். தவிட்டை மாட்டுக்கு வைக்க கெங்கம்மாவுக்கு மனசு வரவில்லை. ஒரு பானையில் கொட்டி மூடிவைத்தாள்.

அந்த ஆடியிலேயே ஹார்பரில் மூட்டை தூக்குகிற கயிறு அறுந்து பக்தவச்சலம் நசுங்கிப்போனான். பெற்ற பிள்ளையின் முகம் பார்க்காமலே போனான் பாவி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் கயிற்றின் யோக்கியதையை யார் விசாரித்தார்கள்? "எங்கியோ இருந்துகினே அப்பன முழுங்கிட்டான் பாத்தியா" என்று தெருவே பேசியது. பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருகிற பேச்சும் அதோடு செத்தது.

மணிக்குப் பின்னால் சங்கு ஊதக் கேட்ட மறுநாள் விடிந்ததும் கெங்கம்மா ஜோசியர் வீட்டில் போய் நின்றாள். சங்கையும் மணியையும் சொன்னாள். ஏகாம்பரம் பஞ்சாங்கத்தைப் பிரித்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். வாய்க்குள் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார்.

"சிம்ம லக்னம்மா. ரெண்டும் பத்தாம் எடத்துக்கு வந்துடுது. தொழில் சொல்ற எடம். இரும்போட நெருப்போட பாடுபடுவான். அப்பனுக்கு ஒண்ணும் இல்ல."

கெங்கம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்ப வந்து எங்க அத்தையாண்ட சொல்லு சாமி. எம்புள்ளய இட்டாந்துடறேன்."

அவர் பஞ்சாங்கத்தை மூடினார். "அப்ப அப்பன் ஏன் செத்தான்னு கேப்பாங்கோ. நான் இன்னா சொல்றது? பலிச்ச ஜாதகத்த எவன்மா திருத்துவான்?" வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அது பலிச்சத வெச்சித்தான் இப்ப ஜனம் என்னாண்ட வருது" என்றார்.

"உன் பேரு நிக்கணும்னு எம்புள்ள அப்பன முழுங்கினவனா திரியணுமா? நல்லா இருப்பியா நீ?" என்று கத்திவிட்டு வந்தாள். வீட்டில் சொன்னதற்கு கோவிந்தம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "எம்புள்ள செத்தது பொய்யாடி?"

தவிட்டுப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கெங்கம்மா மீஞ்சூர் ரயிலேறினாள்.

தவிட்டில் வண்டு விழுந்திருந்தது. வாசற்படியில் பானையை இறக்கியதுமே, கொடுத்த விலை திரும்பி வந்திருக்கிறது என்று வரலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. கெங்கம்மா சொன்னதை எல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் அண்ணி. அங்க இட்டுகினு போனா அந்தத் தெரு அவன இன்னான்னு கூப்புடும்? இங்க அவன் வெறும் மண்ணாங்கட்டி. பசங்களோட வெளாடறான், துன்றான், தூங்கறான்."

சண்டை போட வந்த கெங்கம்மா, எதிரே நிற்பவள் அழுவதைப் பார்த்து, பானையின் மூடியை மட்டும் எடுத்துக் கீழே வைத்தாள். அப்போது உள்ளேயிருந்து பிள்ளை வந்தான். அரைஞாண் கயிறு மட்டும்தான் உடம்பில். பக்தவச்சலத்தின் அதே அகலக் காது. வரலட்சுமியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு புது ஆளைப் பார்த்தான்.

"வாடா கண்ணு" என்று கெங்கம்மா இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் அவளைப் பார்த்தான், பானையைப் பார்த்தான். முந்தானையை விட்டுவிட்டுத் தத்தித் தத்தி வந்தான். பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி தவிட்டை அள்ளி, நீட்டியிருந்த அவள் கைகளில் போட்டான்.

"இந்தா" என்றான்.